வெர்லீன் பேசறேன்

அந்த விளம்பரம் வந்த பிறகு வெர்லீனால் கடைக்குப் போய் நிம்மதியாக நாலு வெங்காயம் வாங்க முடியவில்லை. தள்ளுவண்டியை நடுவழியில் விட்டுவிட்டு ஜனங்கள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "டீவியில வர்ற வெர்லீன்தானே? எங்க வீட்டுலயும் லார்க் கம்ப்யூட்டர் வாங்கிட்டோம். உங்க மூஞ்சியப் பாத்துதான் வாங்கினோம்!" முதலில் அது இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. நாற்பது வயதுவரை கான்சஸ் மாநிலத்தில் அவளை யாரும் நின்று பார்த்ததில்லை. கட்டிய கணவன் வெண்டெல்கூட டீவியில் ஃபுட்பால் ஓடாத நேரத்தில்தான் பார்ப்பான்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். வீட்டுக் கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனிகள் ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. ஒருவன் விலையைக் குறைத்தால் அடுத்தவன் அதற்கும் கீழே இறங்கினான். ஒருவன் டீவியில் ராக்கெட் விட்டான். இன்னொருவன், கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளை உருப்படாது என்று தாய்மார்களை மிரட்டினான். சலைனா ஊரில் இருந்த லார்க் கம்பெனி இந்தச் சண்டையில் சுண்டைக்காய். ஆனால் அதன் விற்பனைத் தலைவர் ஹாலிஃபீல்டுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. ஜனங்கள் ஆசையாக வாங்கிப்போய் டீவியில் சொருகுகிறார்கள், வெறும் நீலத்திரை வருகிறது, அடுத்து என்ன செய்வது என்று கேட்க நாதியில்லை, மறுவாரமே அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரன் வாங்குவானா? எனவே ஹாலிஃபீல்ட் ராக்கெட் விடவில்லை. கேமராக்காரனைக் கூட்டிக்கொண்டு, வாடிக்கையாளர்களின் போனை எடுக்கிற அறைக்கு இறங்கி வந்தார்.

அங்கே அப்போது ஒரு கை விரல்களில் எண்ணிவிடுகிற அளவுக்குத்தான் பெண்கள். அவர்களில் வெர்லீன் யாருக்கோ வயரை எங்கே மாட்டுவது என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இப்படியே கேமராவைப் பாத்துச் சொல்லும்மா, வேற ஒண்ணும் வேணாம்" என்றார். அவள் சொன்னதும் அதிகமில்லை.

"கம்ப்யூட்டர்னா பயமா இருக்கா கண்ணு? என்னைக் கூப்பிடு. நான் வெர்லீன். நானே எடுப்பேன்."

அவ்வளவுதான். எதிராளிகளின் ராக்கெட்டெல்லாம் புஸ்வாணமாகிவிட்டது. கோடை முடிவதற்குள் கடைகளில் லார்க் பெட்டியை அடுக்க இடமில்லை, அடுக்கியதும் இருப்பில்லை. ஜனங்கள் வாங்கியது கம்ப்யூட்டரை அல்ல, வெர்லீனை. வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? கூப்பிட்டார்கள்.

நாடு முழுக்கக் கூப்பிட்டது. எடுத்தவள் பெயர் வேறு என்று தெரிந்தால் கோபித்துக்கொண்டார்கள். "வெர்லீன் எடுப்பான்னுதானே சொன்னீங்க?" ஹாலிஃபீல்ட் வெர்லீனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எல்லாப் பொண்ணுங்களும் உன் பேரையே சொல்லட்டுமா? உனக்கு ஆட்சேபணை இல்லைன்னாதான்."

"பேருதானே, தேஞ்சா போயிடும்? சொல்லட்டும்" என்றாள் வெர்லீன்.

ஆழம் தெரியாமல் காலை விட்டாள். அதோடு நின்றாளா? தன் சிரிப்பைத் தவறாகச் சிரிக்கிறார்கள் என்று பொறுக்காமல், புதிதாக வந்த பெண்களை வரிசையாக நிறுத்தி அவளே கற்றுக்கொடுத்தாள். மூச்சை விடு, சிரி, அப்புறம் பெயரைச் சொல், கண்ணு என்று முடி. "வெர்லீன் பேசறேன், கண்ணு." ரோண்டா என்ற சின்னப் பெண் அதை எவ்வளவு கச்சிதமாகப் பிடித்தாள் என்றால், வெண்டெல் ஒருநாள் ஆபீசுக்குப் போன் போட்டு அரை நிமிஷம் ரோண்டாவிடம் இரவுச் சாப்பாடு பற்றிப் பேசிவிட்டான். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. வெர்லீனும் சிரித்தாள்.

அறை போதாமல் கூடமானது. கூடமும் போதாமல் ஒமாஹா நகரில் இன்னொரு கூடம் பிடித்தார்கள். அங்கே இருந்த வெர்லீன்களை வெர்லீன் பார்த்ததே இல்லை. போன் எந்தக் கூடம் காலியோ அங்கே போய் விழும். விளம்பரத்துக்குப் பணம் கொட்டவேண்டி இருந்ததால் இன்ஜினியர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சு நீண்டால் இருக்கைக்கு மேலே மஞ்சள் விளக்கு எரிய ஏற்பாடு செய்தார்கள். மஞ்சள் விளக்கு அதிகம் எரிகிறவளுக்கு மறுவாரம் வேலை கிடையாது.

இங்கேதான் வினை முளைத்தது. லார்க்கில் அடித்ததைச் சேர்த்துவைக்க வேண்டுமென்றால் பாட்டுக் கேட்கிற கேசட் ரெக்கார்டரைத்தான் மாட்டவேண்டும். அந்த டேப்பில் பாதி நேரம் ஒன்றும் ஏறாது. சத்தத்தைக் கூட்டு, குறை, பஞ்சால் துடை, திரும்ப முயற்சி செய் என்று ஒருவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் விளக்கு எரிந்து தொலைக்கும். எந்த வெர்லீன் முதலில் கண்டுபிடித்தாளோ தெரியாது, குறுக்குவழி ஒன்று பிறந்தது.

"அணைச்சாதானே அழியும்? அணைக்காதீங்க கண்ணு. ஓடட்டும், விட்டுடுங்க."

கேட்டவர்கள் மகிழ்ந்து போனார்கள். விளக்கு எரியவில்லை. இந்தப் பதில் ஒரு கூடத்திலிருந்து மறு கூடத்துக்குச் சளி பரவுவதுபோலப் பரவியது.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தருவது சுவரிலிருந்து வருகிற ஒரு கறுப்புப் பெட்டி, செங்கல் அளவு இருக்கும். நாலு மணி நேரம் ஓடினால் சுடும். வாரக்கணக்கில் ஓடினால் என்ன ஆகும் என்று வெர்லீன் போய்க் கேட்டபோது, மேஜையைக் காலி செய்துகொண்டிருந்த கடைசி இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தான். "உள்ள இருக்கற பிளாஸ்டிக் வேகும். நெருப்பு வர்றதுக்கு முன்னாடி மீன் நாத்தம் அடிக்கும். யாராவது மீன் நாத்தம்னு சொன்னா, பேசிட்டிருக்காதே, வயரைப் பிடுங்கச் சொல்லு" என்றான். அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வெர்லீன் தன் காதில் விழுந்தவரை எல்லோரையும் பிடுங்கச் சொன்னாள். மஞ்சள் விளக்கு அவள் தலைக்கு மேல் எரிந்துகொண்டே இருந்தது. டீவியில் வருகிற முகத்தை யார் வேலையை விட்டு எடுப்பார்கள்? ஆனால் அவள் ஒருத்தி. மற்ற வெர்லீன்கள் ஊர்ப்பட்ட பேர்.

இலையுதிர்ந்து குளிர் வந்ததும் வேறொரு தினுசான அழைப்புகள் வர ஆரம்பித்தன. ஒரு பெண் எடுத்தவுடனே, "உன் தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு? தினமும் அவளுக்காக ஜெபம் பண்றேன்" என்றாள். வெர்லீனுக்குத் தங்கை கிடையாது. டென்னசியிலிருந்து ஒருவன், "போன வாரம் என்னை மடையன்னு சொன்னே இல்ல? உன் மூஞ்சி எனக்குத் தெரியும், ஞாபகம் வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தான். தான் பேசாத பேச்செல்லாம் தன் பெயரில் நாடெங்கும் நடமாடுவதை அவள் இப்படித்தான் தெரிந்துகொண்டாள். கடையில் யாராவது எதிரே வந்தால், வருகிறவருக்குத் தான் என்ன சொல்லித் தொலைத்திருக்கிறோமோ என்று தள்ளுவண்டியை வேறு பக்கம் திருப்பினாள். சர்ச்சில் மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் பரிமாறுகிற சாப்பாட்டு நாளில், பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள் தட்டை எடுத்துக்கொண்டு எதிர் மேஜைக்குப் போனாள். அந்தப் பெண்ணின் அண்ணன் மகளிடம் எந்த வெர்லீனோ எதையோ சொல்லியிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெர்லீன் அழுதுகொண்டே வண்டி ஓட்டி வீடு வந்தாள்.

டிசம்பர் தொடக்கத்தில் வக்கீல் வந்தார். ஹாலிஃபீல்டின் அறையில் கதவைச் சாத்திவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"இந்தியானாவுல ஒரு வீட்டுல கூடம் எரிஞ்சு போச்சு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்ல. மெஷினை ஏன் வாரக்கணக்குல ஓடவிட்டீங்கன்னு கேட்டா, வெர்லீன் சொன்னாங்கறார். கம்பெனி உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுல அப்படி ஒரு வரி இருக்கா?"

"இல்லை."

"அப்ப அது கம்பெனி பேச்சு இல்ல, தனி ஆள் பேச்சு. சொன்னது யாரு?"

"எல்லாருமேதான் வெர்லீன்! அவரே சொல்லட்டும்" என்று ஹாலிஃபீல்டைக் காட்டினாள். ஹாலிஃபீல்ட் ஜன்னல் வழியே கோதுமைக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேர்ல நிஜமா ஒருத்தர்தான் இருக்கீங்க" என்றார் வக்கீல். "டீவியில நானே எடுப்பேன்னு சொன்னதும் நீங்கதான். நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

"ஒருதடவைகூட இல்லை. நான் பிடுங்கச் சொல்றவ!"

"அப்ப அதையே கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. நான் சொன்னேன்னு ஒரு வார்த்தை உங்க வாயிலேர்ந்து வந்தா, எரிஞ்ச வீடு, எரியப்போற வீடு எல்லாம் உங்க தலையில விடியும். குடியிருக்கற வீடுகூட மிஞ்சாது. இன்னையிலேர்ந்து எல்லாப் பேச்சும் டேப் ஆகும்."

"ஜனங்களுக்கு ஒரு வார்த்தை டீவியில சொல்லிடலாமே. நானே சொல்றேன். பெட்டியைப் பிடுங்குங்கன்னு."

ஹாலிஃபீல்ட் அப்போதுதான் திரும்பினார். "கிறிஸ்துமஸ் முடியட்டும் வெர்லீன். இப்ப சொன்னா, போனதெல்லாம் கடைக்குத் திரும்பி வரும். இந்த ஊரே இந்தக் கம்பெனியாலதான் சாப்பிடுது." குரலில் கருணை வழிந்தது. அந்தக் கருணையைக் கேட்டபோதுதான் அவளுக்கு முதல்முறையாக அவரிடம் பயம் வந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அவள் இரண்டுக்கும் நடுவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், மினசோட்டாவின் நோர்லான்ட் என்ற சிற்றூரிலிருந்து ஓர்வில் ட்வெய்ட் என்ற கிழவர் கூப்பிட்டார். நார்வேயிலிருந்து வந்து குடியேறின குடும்பம். சந்தோஷமாக இருந்தார்.

"வெர்லீன், சின்ன சந்தேகம்தான். கிறிஸ்துமஸ் பாட்டு ஒண்ணொண்ணா அடிச்சு வெச்சிருக்கேன், டீவியில மரமும் மினுக்கும். என் பொண்டாட்டி போர்கில்டுக்காக. இடுப்பு எலும்பு ஒடிஞ்சு படுக்கையில கிடக்கா, சர்ச்சுக்கு வரமுடியாது. அதான் சர்ச்சையே வீட்டுக்குக் கொண்டுவரேன். கடைசிப் பாட்டுல ஒரு ஸ்வரம் இடிக்குது."

"டேப்புல ஏத்திட்டீங்களா?"

"ஏற மாட்டேங்குதுன்னுதானே உன்கிட்ட சொன்னேன்? நீதான் அணைக்காதேன்னே. போன மாச நன்றித் திருநாள்லேர்ந்து ஓடுது. அந்தக் கறுப்புப் பெட்டி உர்ருனு இரையுதுன்னு சொன்னப்ப, துணியால மூடுங்கன்னு சொன்னியே. அவ கால்மாட்டுல மெத்தைப் போர்வைக்குள்ள வெச்சுட்டேன். காலுக்குக் கதகதப்பா இருக்காம்."

வெர்லீன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "மிஸ்டர் ட்வெய்ட், வீட்டுல மீன் நாத்தம் அடிக்குதா?"

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். "டிசம்பர் மாசம் நார்வேக்காரன் வீட்டுல மீன் நாத்தம் அடிக்குதான்னு கேக்கறியே! இது லூட்டஃபிஸ்க் ஊறின வீடும்மா. சர்ச் விருந்துக்கு நாங்கதான் ஊறவைக்கறோம். சாம்பல் காரத்துல ஊறின மீன், வீட்டுல மனுஷன் இருக்க முடியாது!"

"உடனே போய் அந்தப் பெட்டியைப் பிடுங்குங்க. தயவுசெஞ்சு, இப்பவே."

"பிடுங்கினா எல்லாம் அழிஞ்சிடுமே! நீதானே ஓடட்டும்னே?"

"அது நான் இல்லை."

"நீ வெர்லீன்தானே?"

"ஆமா. ஆனா சொன்னது நான் இல்லை. வெர்லீன்னு நாங்க நிறையப் பேர் இருக்கோம்."

மறுமுனையில் கிழவரின் குரல் இறுகிவிட்டது. "நீ வெர்லீன்னா, போர்கில்டுகிட்ட உன் தங்கச்சியப் பத்தி என்ன சொன்னே? சொல்லு பாப்போம்."

அவளுக்குத் தெரியவில்லை. தான் தான்தான் என்று நிரூபிக்கிற பரீட்சையில் அவள் தோற்றுப்போனாள்.

"எதிர்க் கம்பெனிக்காரன் உக்கார வெச்சிருக்கான்போல உன்னை" என்றார் கிழவர். "வெக்கமா இல்ல? நான் விருந்துக்கு மேஜை போடப் போகணும். வந்து நிஜ வெர்லீனைக் கூப்பிட்டுக்கறேன்." வைத்துவிட்டார்.

அவர் மறுபடி கூப்பிட்டால் ஒமாஹாவில் யாரோ ஒருத்தி எடுப்பாள், சிரிப்பாள், ஓடட்டும் என்பாள். வெர்லீன் டெலிபோன் விசாரணை எண்ணைச் சுழற்றி நோர்லான்ட் ஊரில் ட்வெய்ட் யார் யார் என்று கேட்டாள். ரோண்டா எட்டிப் பார்த்து, "அக்கா, வெளியே போன் பண்ணக்கூடாதே, டேப் ஓடுதே" என்று கிசுகிசுத்தாள். மூன்றாவதாகச் சுற்றிய எண்ணில் மணி வெகுநேரம் அடித்தது. கடைசியில் ஒரு கிழவியின் குரல் மெல்ல வந்தது.

"போர்கில்ட் பேசறேன். அவர் சர்ச்சுக்குப் போயிட்டார்."

"அம்மா, நான் வெர்லீன்."

"அட, நீயா! இப்பதான் புலம்பிட்டுப் போறார், யாரோ உன்னை மாதிரிப் பேசி ஏமாத்தப் பாத்தாங்கன்னு. உன் குரல் எனக்குத் தெரியாதா! தங்கச்சியை நினைச்சு அன்னைக்கு எவ்வளவு அழுதே. நான்கூட அழுதேன்."

வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். இல்லை என்று சொன்னால் இந்தப் போனும் வைக்கப்படும் என்று அவளுக்குத் தெரிந்தது. தலைக்கு மேலே மஞ்சள் விளக்கு எரிந்தது.

"ஆமாம்மா, அழுதேன்" என்றாள். "கேளுங்க. அணைக்காதீங்கன்னு சொன்னேனே, அதைத் தப்பாச் சொல்லிட்டேன். துணியால மூடச் சொன்னதும் தப்பு. அந்தப் பெட்டி எரிஞ்சிடும். உங்களால பிடுங்க முடியுமா?"

"நீதானே சொன்னே, இப்ப நீயே தப்புங்கறியே?" கிழவிக்குக் குழப்பமாக இருந்தது. "அவர் வாரக்கணக்கா உக்காந்து அடிச்சதும்மா. வேற யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா? நீதான் சொன்னேன்னு சத்தியமாச் சொல்லு."

"சத்தியமா நான்தான்மா சொன்னேன். வேற யாரும் இல்லை. எல்லாருக்கும் நான்தான் அப்படிச் சொன்னேன். மீன் நாத்தம் அடிக்குதாம்மா?"

"அது லூட்டஃபிஸ்க்..." என்று ஆரம்பித்த கிழவி நிறுத்தினாள். மூச்சை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. "மீனை நேத்தே சர்ச்சுக்கு எடுத்துட்டுப் போயாச்சே. தொட்டியைக் கழுவிக் கவுத்தாச்சு."

"வயரை இழுங்கம்மா!"

"கை எட்டாது. இரு, கைத்தடி இருக்கு." போன் படுக்கையில் விழுந்தது. தூரத்தில் கம்ப்யூட்டர் மெல்லிய கீச்சுக் குரலில் ஏதோ கிறிஸ்துமஸ் பாட்டை வாசித்துக்கொண்டிருப்பது கேட்டது. தடி எதிலோ இடித்தது. கிழவி முனகினாள். மறுபடியும் இடித்தது. கூடத்தில் நாலைந்து பெண்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெர்லீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு நடுவில் நின்றது.

நெடுநேரம் கழித்து கிழவி போனை எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள். "இழுத்துட்டேன். போர்வையில உள்ளங்கை அகலத்துக்குக் கருகிப் போயிருக்கும்மா. கால் பாதி மரத்துக் கிடக்கறதால வெறும் கதகதப்புன்னே நினைச்சுட்டேன். அவர் வந்தா என்ன சொல்லுவேன்? எல்லாம் அழிஞ்சு போச்சே."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள் வெர்லீன்.

ஹெட்போனைக் கழற்றியபோது அவள் மனசு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு லேசாக இருந்தது. ஒரு நிமிஷம்கூட அது நிலைக்கவில்லை. கூடத்தின் கோடியில் கண்ணாடி அறைக்குள் ஹாலிஃபீல்ட் வக்கீலோடு நின்றிருந்தார். பேச்சை ஒட்டுக் கேட்கிற ஹெட்போன் அவர் காதில் இருந்தது. திட்டப்போகிறார், வேலையை விட்டு எடுக்கப்போகிறார் என்று அவள் எழுந்து நின்றாள். அவர் முகத்தில் கோபமே இல்லை. பல வாரமாகத் தூங்காதவன் தூங்கி எழுந்தாற்போன்ற நிம்மதிதான் இருந்தது. அவர் குனிந்து, அவளுடைய சத்தியம் ஏறியிருந்த டேப்பை வெளியே எடுத்தார், வக்கீலின் கையில் கொடுத்தார், வக்கீல் அதைக் கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கூடம் முழுக்க மறுபடி மணி அடிக்கத் தொடங்கியது. பெண்கள் ஒவ்வொருத்தியாக ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். ரோண்டா முதல் அழைப்பை எடுத்தாள். மூச்சு விட்டாள், சிரித்தாள், வாயைத் திறந்தாள். வெர்லீனைப் பார்த்தாள்.

"ரோண்டா பேசறேன்" என்றாள் தாழ்ந்த குரலில்.

ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் அவரவர் சொந்தப் பெயர் கேட்க ஆரம்பித்தது. அந்தக் கூடத்தில் இப்போது வெர்லீன் ஒருத்திதான்.